விலையே குறைக்காத நகைக்கடையில் குறைவாக வாங்குவது எப்படி?

சிங்கப்பூரில் பெரிய பிராண்ட் நகைக்கடை ஒன்றுக்கு அக்கா மகளோடு போயிருந்தேன். அவள் ஒரு காப்பைக் கையில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. தி.நகரில் நகை வாங்கிப் பழகிய வாய். "செய்கூலியில் ஏதாவது குறைப்பீர்களா?" என்பதை ஆங்கிலத்தில் எப்படியோ உருட்டிக் கேட்டுவிட்டேன். விற்பனைப் பெண் சிரித்த முகம் மாறாமல், குடிக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்றார். அதுதான் பதில்.

கார்டியர், டிஃபனி, வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ், புல்காரி போன்ற கடைகளுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே பேரம் பேசி ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. ஆனால் அதே நகை எல்லோருக்கும் ஒரே செலவில் முடிவதில்லை. எந்த நாட்டில், எந்த மாதத்தில், யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் குறைக்க இடம் இருக்கிறது.

ஏன் குறைப்பதில்லை?

நம் ஊர் நகை பில்லை எடுத்துப் பாருங்கள். எடை, அன்றைய கிராம் விலை, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியைச் சலுகை எல்லாமே பெரும்பாலும் சேதாரத்தில்தான் கை வைக்கும். தங்கத்தின் விலையை யாரும் தொடுவதில்லை. பெரிய பிராண்டுகளின் விலைச்சீட்டிலோ ஒரே ஒரு எண்தான் இருக்கும். எது தங்கத்துக்கு, எது உழைப்புக்கு, எது பெயருக்கு என்று பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்தால்தானே பேரம் பேச முடியும்?

இரண்டாவது காரணம், சரக்கு கெட்டுப்போவதில்லை. துணிக்கடைக்காரர் இந்தப் பருவத்துப் புடவையை அடுத்த பருவத்துக்குள் தள்ளியாக வேண்டும். கார்டியரின் மூவண்ண டிரினிட்டி மோதிரம் 1924-இல் வந்தது. வான் கிளீஃபின் நாலிதழ் அல்ஹம்ப்ரா 1968-இல் வந்தது. திருப்புளி வைத்து மாட்டுகிற கார்டியர் லவ் காப்பை 1969-இல் ஆல்டோ சிபுல்லோ நியூயார்க்கில் வடிவமைத்தார். மூன்றும் இன்றும் கடையில் இருக்கின்றன. இந்த வருஷம் விற்காத காப்பு அடுத்த வருஷம் விற்கும், அதுவும் ஏறிய விலைக்கு. எப்போதும் விற்காவிட்டால் உருக்கிவிடலாம். அப்படிப்பட்ட பொருளுக்கு எதற்குத் தள்ளுபடி?

மூன்றாவது, கடை அவர்களுடையது. கார்டியரும் வான் கிளீஃபும் சுவிட்சர்லாந்தின் ரிஷ்மோன் குழுமத்தைச் சேர்ந்தவை. புல்காரியை 2011-லும் டிஃபனியை 2021-லும் பிரான்சின் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் வாங்கியது. டிஃபனிக்கு மட்டும் கொடுத்தது ஏறக்குறைய 1,580 கோடி டாலர். இவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கடையிலேயே விற்பதால், ஸ்டாக் தேங்கிப்போய் அவசரத்தில் விலையை உடைக்கிற இடைத்தரகர் யாரும் இல்லை. கைக்கடிகாரத்தில் அப்படி இடைக்கடைகள் உண்டு. அங்கே ஸ்டாக் தேங்கியபோது ரிஷ்மோன் என்ன செய்தது தெரியுமா? 2018-க்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 50 கோடி யூரோ மதிப்புள்ள கடிகாரங்களைத் திரும்ப வாங்கியது. அவற்றில் பல உடைத்துப் பிரிக்கப்பட்டன. தள்ளுபடிக் கடையில் தங்கள் பெயர் தொங்குவதைவிட அந்த நட்டம் பரவாயில்லை என்று நினைத்தார்கள்.

இணையத்திலும் அதே கதைதான். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் அழகுப்பொருள் தயாரிக்கும் கோட்டி நிறுவன வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆடம்பரப் பொருள் நிறுவனங்கள், தங்கள் அங்கீகாரம் பெற்ற கடைக்காரர்களே ஆனாலும் அமேசான் மாதிரியான தளங்களில் விற்பதைத் தடுக்கலாம் என்றது.

கடைசிக் காரணம் மனசு சம்பந்தப்பட்டது. போன மாதம் முழு விலை கொடுத்தவர் இந்த மாதம் 30 விழுக்காடு தள்ளுபடிப் பலகையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? விலை ஏறினால் ஆசையும் ஏறுகிற பொருட்களுக்கு வெப்லன் என்ற பொருளாதார அறிஞரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கார்டியர் நகை அடிமாட்டு விலைக்குப் போன சம்பவம் ஒன்று எனக்குத் தெரியும், அதுவும் தவறுதலாக நடந்தது. மெக்சிகோவில் இணையதளத்தில் மூன்று சைபர் விட்டுப்போய், 2,37,000 பெசோ மதிப்புள்ள கம்மல் 237 பெசோ என்று காட்டியது. ஒருவர் இரண்டு ஜோடிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, நுகர்வோர் அமைப்பு வரை போய் விடாப்பிடியாக நின்று, 2024-இல் வாங்கியும்விட்டார். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க முடியாது. நாம் செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

படி 1: தங்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்த நகைகள் பெரும்பாலும் 18 காரட், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். 750 என்ற முத்திரை அதைத்தான் சொல்கிறது. நம் 22 காரட்டைவிட இது கெட்டியானது. கல்லை இறுகப் பிடிக்கும், திருகாணி மரை சீக்கிரம் தேயாது.

ஒரு காப்பு 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் 22.5 கிராம். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அந்தக் கணக்கில் அதிலுள்ள தங்கம் ஏறக்குறைய 2,900 டாலர். லவ் காப்பு மாதிரியான நகையின் கடை விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். மிச்சம் வடிவத்துக்கும் வேலைக்கும் பெயருக்கும். கல் வைத்த நகையில் தங்கத்தின் பங்கு இன்னும் சுருங்கும். வெள்ளியில் செய்தவற்றை நான் சொல்லவே வேண்டாம். டிஃபனியின் நீலப் பெட்டிக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

புல்காரி 2021-இல் இந்தியாவுக்காகவே ஒரு தாலிச் சங்கிலி கொண்டுவந்தது. 18 காரட் தங்கம், கருப்பு ஓனிக்ஸ் கல், விலை 3,49,000 ரூபாய். இதை அடகுக்கடைக்கு எடுத்துப்போனால் எடைக்குத்தான் காசு கொடுப்பார்கள், பெயருக்குக் கொடுக்க மாட்டார்கள். நகை என்றால் சேமிப்பு என்று நினைத்து வளர்ந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தை வீட்டில் பேசிவிட்டுக் கிளம்புவது நல்லது. சேமிப்புதான் நோக்கம் என்றால் இந்தக் கடைக்குப் போகவே வேண்டாம்.

படி 2: கடையில் போட்டுப் பாருங்கள், அன்றே வாங்காதீர்கள்

கடைக்குள் போகத் தயங்க வேண்டாம். வாங்காமல் வந்தால் யாரும் திட்டமாட்டார்கள். அளவு, மாடல் எண், தங்கத்தின் நிறம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லவ் காப்பு முட்டை வடிவில் மணிக்கட்டை ஒட்டி இருப்பதால் ஒரு அளவு மாறினாலும் தொல்லை. வேறு நாட்டிலோ பழைய நகைக் கடையிலோ வாங்கும்போது இந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

அப்புறம் அந்த பிராண்டின் இணையதளத்தில் நாட்டை மாற்றி மாற்றி விலையைப் பாருங்கள். பிரான்ஸ், ஜப்பான், ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம், அமெரிக்கா, இந்தியா என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி, வரி சேர்ந்ததா சேராததா என்று பக்கத்தில் எழுதுங்கள். அமெரிக்காவில் காட்டும் விலையில் வரி சேராது. ஐரோப்பாவில் சேர்ந்தே இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

படி 3: வரியில்தான் பெரிய தொகை

நிஜமான மிச்சம் அதிகமாகக் கிடைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிரான்சில் வாட் வரி 20 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயது நிரம்பியவர், 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 20 விழுக்காடும் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். 6,000 யூரோ விலையில் வரி 1,000 யூரோதான், ஏனென்றால் அடிப்படை விலை 5,000. அதிலும் இடையில் நிற்கும் திருப்பித்தரும் நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். கடை விலையில் 12 விழுக்காடு அளவுக்குத் திரும்பினால் நல்லது, அதாவது 700 யூரோ சொச்சம். நம் ஊரில் எந்தச் சேதாரத் தள்ளுபடியும் ஒரே நகையில் இவ்வளவு தருமா தெரியாது.

செய்ய வேண்டியவை இவை. கடையில் பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதற்கான இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்யுங்கள். நகை கையில் இருக்கட்டும், அதிகாரி பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். பாரிஸில் வாங்கி ரோம் வழியாக ஊர் திரும்பினால் முத்திரை ரோமில்தான்; ஒன்றியத்தைவிட்டுக் கடைசியாக வெளியேறும் இடமே கணக்கு. வாங்கிய மாதம் போக அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள் நகை வெளியேறியிருக்க வேண்டும். வரிசைக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய நினைப்பில் போக வேண்டாம். 2021 முதல் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் திரும்பக் கிடைப்பதில்லை. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. பயணிகள் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், அங்கேயே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு இல்லை. துபாயில் வாட் 5 விழுக்காடு, பயணிகளுக்கு அதில் பெரும்பகுதி திரும்பும். ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது. அமெரிக்காவில் ஒரேகான், டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் விற்பனை வரி இல்லை, நியூயார்க் நகரத்தில் 8.875 விழுக்காடு. ஆனால் வரி இல்லாத மாநிலத்தில் வாங்கி வேறு மாநிலத்திலுள்ள சொந்த வீட்டுக்குக் கொண்டுபோனால், அந்த மாநிலத்துக்கு விற்பனை வரிக்கு ஈடான யூஸ் டாக்ஸ் கட்டவேண்டும் என்பதே சட்டம்.

நாணய மாற்றும் உதவும். 2024 கோடையில் ஒரு டாலருக்கு 160 யென் என்று ஜப்பான் நாணயம் சரிந்தபோது, உலகத்துப் பயணிகள் பலர் டோக்கியோவின் ஆடம்பரக் கடைகளில் குவிந்தார்கள். பிராண்டுகள் பிறகு விலையை ஏற்றிச் சரிசெய்துவிடும், ஆனால் நாணயம் சரிந்த மறுநாளே ஏற்றுவதில்லை. அந்த இடைவெளியில் வாங்கியவருக்கு மிச்சம்.

இப்போது கசப்பான பகுதி. இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சுங்கம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான் நகைக்கென்று தனிச் சலுகை: பெண்களுக்கு 40 கிராம் வரை, ஆண்களுக்கு 20 கிராம் வரை. பத்து நாள் சுற்றுலா போய்வந்தவருக்கு அது பொருந்தாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புவதற்கு முன் சுங்கத்துறைத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் வரியைக் கட்டிவிடுவதே உத்தமம். பில்லைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பச்சை வழியில் நடந்தால் நகையே போகலாம். வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் மும்பையிலோ டெல்லியிலோ வாங்குவதே சரி என்று தெரிந்தால் அங்கேயே வாங்குங்கள். விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கும் பக்கம்.

இன்னொன்று, கார்டு. வெளிநாட்டில் தேய்த்தால் பல இந்திய கார்டுகள் 2 முதல் 3.5 விழுக்காடு வரை மார்க்-அப் என்று கூடுதல் கட்டணம் போடும். இயந்திரம் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு முறை கடி விழும்.

படி 4: நேரம் பார்க்கலாம், அவசரப்பட வேண்டாம்

இந்த பிராண்டுகள் வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, தங்கம் எகிறும் காலத்தில் அதற்கு மேலும், விலையை ஏற்றும். இறக்குவது அபூர்வம். ஆக, எப்படியும் வாங்குவது என்று முடிவாகிவிட்டால் தீபாவளிச் சலுகைக்குக் காத்திருப்பதில் பயனில்லை. "அடுத்த மாதம் ஏறப்போகிறது" என்று விற்பனையாளர் காதில் போடுவது உண்மையாகவும் இருக்கும், தூண்டிலாகவும் இருக்கும். முடிவு செய்யாதவர் அதைக் கேட்டு அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

படி 5: இன்னொருவர் கழற்றியதை வாங்குவது

பழைய நகை என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். யார் போட்டதோ, என்ன ராசியோ என்று. அந்தத் தயக்கம் இல்லாதவர்களுக்கு இதுதான் நேர்வழி. வெஸ்டியேர் கலெக்டிவ், தி ரியல்ரியல், ஃபேஷன்ஃபைல் போன்ற தளங்களிலும், கிறிஸ்டீஸ், சோதபீஸ் ஏல நிறுவனங்களிலும் இந்த பிராண்டுகள் நிறையக் கிடைக்கும்.

எதை வாங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. லவ் காப்பு, அல்ஹம்ப்ரா சங்கிலி மாதிரி எல்லோரும் தேடுகிற நகைகள் பழையதானாலும் விலை அதிகம் இறங்குவதில்லை. நல்ல நிலையில் இருந்தால் புதியதோடு வித்தியாசம் சின்னதுதான், அதற்குப் போலி பயத்தைச் சுமப்பது வீண். நிறைய இறங்குவது வைர நிச்சயதார்த்த மோதிரங்களும், பிராண்டே நிறுத்திவிட்ட மாடல்களும். என் பார்வையில் வேட்டையாட வேண்டிய இடம் அதுதான்.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை இறுதி விலை இல்லை. வாங்குபவர் கட்டணம் என்று பெரிய நிறுவனங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் சேரும், வரி தனி. அந்தத் தொகையைக் கழித்துவிட்டு உச்சவரம்பை முடிவு செய்துகொண்டு கையைத் தூக்குங்கள்.

போலி பற்றி. டிஃபனி ஈபே மீது போட்ட வழக்கில் ஒரு தகவல் வெளிவந்தது. 2004-இல் டிஃபனி தானே ஈபேயில் தன் பெயரிலுள்ள வெள்ளி நகைகளை வாங்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய 73 விழுக்காடு போலி. அப்படியிருந்தும் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஈபே பக்கம்தான் நின்றது. தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

காரட் மீட்டரில் வைத்துப் பார்த்து 18 காரட் என்று வந்துவிட்டால் அசல் என்று நினைப்பது பெரிய தவறு. நல்ல தங்கத்திலேயே போலி செய்கிறார்கள். முத்திரை, அளவு எண், தொடர் எண் ஆகியவற்றின் எழுத்து வெட்டு துல்லியமாக இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். எடையை அதே அளவு அசலோடு ஒப்பிடுங்கள். லவ் காப்பில் பழைய வகை என்றால் திருகாணி முழுக்கக் கழன்று கையில் வரும், பிந்தைய வகையில் காப்போடேயே நிற்கும். விற்பவர் சொல்லும் வருஷமும் திருகாணியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போலி என்று தெரிந்தால் முழுப்பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். வாங்கியதும், பணம் திரும்பத் தரும் கெடு முடிவதற்குள், பிராண்டின் சொந்தக் கடைக்கே கொண்டுபோய் மெருகு போடக் கொடுங்கள். போலியை அவர்கள் சேவைக்கு எடுக்கமாட்டார்கள். அந்தச் செலவைச் சோதனைக் கட்டணமாக நினைத்துக்கொள்ளலாம்.

"டிஃபனி கிளியரன்ஸ், 80 விழுக்காடு தள்ளுபடி" என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரம் பற்றி ஒரே வரி: இவ்வளவு நேரம் படித்த பிறகுமா? பிரான்சிலும் இத்தாலியிலும் போலி வாங்குகிறவருக்கே அபராதம் உண்டு.

படி 6: மோதிரம்தான் வேண்டும் என்றால்

டிஃபனியின் ஆறு கொக்கி வைர மோதிரம் 1886-இல் வந்தது. ஒற்றைக் கல்லை உயரத் தூக்கிப் பிடிக்கிற அந்தப் பாணியை இன்று எல்லா நகைக்காரர்களும் செய்கிறார்கள். பெட்டியும் பெயரும் முக்கியமில்லை என்றால், ஜிஐஏ (வைரத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் அமைப்பு) சான்றிதழுள்ள கல்லைத் தனியாக வாங்கி, நல்ல ஆசாரியிடம் 18 காரட்டில் கட்டிக்கொள்ளலாம். வைரத்தில் காரட் என்பது கல்லின் எடை; ஒரு காரட் என்ற முழு எண்ணுக்குக் கூடுதல் விலை வைப்பார்கள், 0.90 காரட் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதேதான். ஒன்று மட்டும், பிராண்டின் பெயரைப் பொறித்துத் தரச் சொல்லி ஆசாரியைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது போலி நகை ஆகிவிடும்.

வாங்கிய பின்

பில், பெட்டி, சான்று அட்டை, காப்பின் திருப்புளி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் இவை இருக்கும் நகைக்குத் தனி விலை. முதல் மாதமே பெயர் பொறிக்க வேண்டாம். பொறித்ததை மாற்றித் தரமாட்டார்கள், வாங்குபவரும் விலையைக் குறைத்துக் கேட்பார். அளவு மாற்ற உள்ளூர்ப் பட்டறைக்குக் கொடுத்தால், அதற்குப் பிறகு பிராண்ட் அந்த நகையைத் தொட மறுக்கலாம். மெருகும் அடிக்கடி வேண்டாம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் தேயும்.

அக்கா மகள் அன்று வாங்கவில்லை. அளவு 17 என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் பாரிஸ் போகிற திட்டம் இருக்கிறது. வரிப் படிவத்துக்குப் பாஸ்போர்ட்டை மறக்காதே என்று நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.